ஊரால் பெறும் பெயர்

ஒருவருக்குப் பெற்றோர் இடும் பெயர் ஒன்று. அவர்தம் ஊர் அளிக்கும் பெயர் மற்றொன்று. மதுரையில் வாழ்வோர் தம்முள் ஒருவரையொருவர் மதுரைக்காரர் என்று அழைத்துக்கொள்வதில்லை. ஊரெல்லையைக் கடந்து வேற்றூர் புகுந்தவுடன் அப்பெயர் தானே வந்து ஒட்டிக்கொள்கின்றது. ஆகலின் ஊர்ப்பெயர் பெரும்பாலும் பிறர் இடும் பெயரேயாம். அதனை எங்ஙனம் இடுதல் தகும் என்பது ஈண்டுச் சிறிது ஆராயப்படும்.

இவ்வழக்குத் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் உயர்திணைப் பெயர்களை வகுக்குங்கால் நிலப்பெயரையும் ஒன்றாக எண்ணினார். மணிமேகலை ஆசிரியர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் எனப்படுவர். ஊரும் தொழிலும் பெயரும் அத்தொடரில் ஒருங்கே அமைந்தன. அரியக்குடி, செம்மங்குடி என்ற அளவிலேயே இசைவல்லார் இருவரை நாம் உணர்கின்றோம். ஆண்டு ஊர்ப்பெயர் ஆளைக் குறித்தலின் இடவாகுபெயராயிற்று.

இனி, விகுதிகளை நோக்குவோம். மதுரை என்பதனோடு ஆன், ஆள், ஆர் சேர மதுரையான், மதுரையாள், மதுரையார் என்றாகும். மகர ஈற்று ஊர்ப்பெயராயின் அத்துச் சாரியை இடையே தோன்றும். பட்டினம் பட்டினத்தார் என வருதல் காண்க. ஆன் விகுதி ஒருமையாதலின் முதியோரிடத்தும் அயலாரிடத்தும் ஒவ்வாது. ஆர் விகுதி மதிப்பைத் தரும். மதுரைக்காரர், மதுரைவாசி என்னும் இரண்டும் ஒரு பொருளன போலத் தோன்றினும் வேறுபாடு உடையன. வாசி என்பது வசித்தலைக் குறிக்கும் வடசொல். நேற்றுக் குடிவந்தவரும் மதுரைவாசியே. காரர் என்பதோ உரிமையைக் குறிக்கும். நாற்பதாண்டு மும்பையில் வாழ்ந்தவரும் தம்மை மதுரைக்காரர் என்றே கூறிக்கொள்வர். முன்னது இருப்பிடம் பற்றியது. பின்னது மனம் பற்றியது.

வேதாகமத்தைப் பயில்வோர்க்கும் இப்பொருள் அயலன்று. ரோமர், கொரிந்தியர், எபேசியர், பிலிப்பியர் எனப் பவுலின் நிருபங்கள் நகரத்தார் பெயராலேயே வழங்குகின்றன. நசரேயன் என்னும் பெயரும் அத்தகையதே. நாசரேத்திலிருந்து நன்மை ஏதும் வரக்கூடுமோ என நாத்தான்வேல் ஐயுற்றான். அவ்வூர்ப்பெயரே பின்னர்ச் சிலுவையின் மேலும் எழுதப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்திலும் நாசரேத் என்றோர் ஊர் உளது. ஆயினும் அவ்வூராரை நாசரேத்துக்காரர் என்கின்றோமேயன்றி நசரேயர் என்பதில்லை. அச்சொல் ஒருவர்க்கே உரியதென மக்கள் வழக்கு ஒதுக்கிவைத்தது போலும்!

ஊர்ப்பெயர் இழிவுக்கும் கருவியாதல் உண்டு. மதராசி என்னும் சொல் மதராஸ் நகரத்தாரைக் குறித்தற்கு உரியது. தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடருட் பலரும் தமிழரோடு மதராஸ் மாகாணத்தில் அடங்கியிருந்த காலத்தில் அதனைப் பரந்த பொருளில் வழங்கியதற்கு ஒருவாறு காரணம் கூறலாம். 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1969இல் மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர்பெற்றது. 1996இல் நகரம் சென்னையாயிற்று. ஊரின் பெயரே மாறியும், சென்னையைக் கண்டறியாத கொச்சிக்காரரையும் மைசூர்க்காரரையும் மதராசி என்போர் வடபுலத்தில் இன்றும் உளர். தென்னாட்டார் அனைவரும் ஒரு படித்தானவர் என்னும் எண்ணமே அச்சொல்லில் நம்மை வருத்துவது.

அங்ஙனம் வருந்தும் நாம் செய்வது யாது? பாட்னாவிலிருந்து வந்தவரும், கட்டாக்கிலிருந்து வந்தவரும், கவுகாத்தியிலிருந்து வந்தவரும் நம் வாயில் வடக்கத்தியான் என்னும் ஒரே பெயரைப் பெறுகின்றனர். மொழி மூன்று, உணவு மூன்று, ஊர் மூன்று. பெயர் மட்டும் ஒன்று. அதுவும் ஆன் விகுதியோடு! நம் கட்டடங்களை எழுப்புவோரையும் உணவுச்சாலைகளில் நமக்குப் பரிமாறுவோரையும் நாம் இங்ஙனம் அழைப்பது முறையாகுமா?

ஆதலின் அன்பர்காள், வேற்றூரார் ஒருவரைக் கண்டால் முதற்கண் அவர்தம் ஊர் யாதென வினவுக. பின்னர் அப்பெயரோடு ஆர் விகுதியையேனும் காரர் என்பதையேனும் கூட்டி அழைத்திடுக. பாட்னாக்காரர் என்று சொல்ல நாவிற்கு வருத்தம் ஒன்றுமில்லை. கேட்பவர்க்கோ தம் ஊரை ஒருவர் அறிந்துளார் என்னும் மகிழ்ச்சி உண்டாம்.