வான்கதவு திறக்கும் இரவில் டவர் பேச வேண்டும்

மாரிமழை விடாமல் பிடித்துக்கொண்டால் கிளிநொச்சியில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இரணைமடு எத்தினை அடி?" அந்தக் குளத்தின் நீர்மட்டம் முப்பத்தாறு அடியை நெருங்கினால் வான்கதவு திறக்கும். கனகராயன் ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு அந்தச் செய்தி இன்று கைத்தொலைபேசியில்தான் போய்ச் சேருகிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் வெளியேறியவர்களுக்கு, ஒரு கைத்தொலைபேசி டவரின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

அப்படியொரு மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து டவர் ஓய்ந்துபோனது. மின்சாரம் போய் இரண்டாம் நாள். ஜெனரேற்றருக்கு டீசல் ஊற்ற வந்த தம்பி, கான்களை உழவு இயந்திரப் பெட்டியில் வைத்துவிட்டுச் சந்தியிலேயே நனைந்துகொண்டு நின்றான்.

"டீசல் இருக்கு அண்ணை. றோட்டில தண்ணி இடுப்பளவு நிக்குது. எப்பிடிக் கொண்டுபோறது?"

மின்கம்பத்தைச் சாய்க்கிற அதே மழைதான் டீசல் வருகிற பாதையையும் மூடுகிறது. மழை இல்லாத காலத்திலும் டீசல் கைவிட்டிருக்கிறது. 2022 மார்ச் 31 அன்று நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு; எரிபொருள் நிலையங்களில் முடிவில்லாத வரிசை. மின்வெட்டின்போது டவர்கள் நம்பியிருந்ததும் அந்த வரிசையில் கிடைக்காத டீசலைத்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோதும், மின்சாரம் நின்றதாலும் வடங்கள் அறுந்ததாலும் பல ஊர்களின் தொடர்பு அற்றுப்போனது.

டீசலை மட்டும் நம்பாதிருக்க ஒரு வழி சோலார். டவரடியில் உள்ள கருவிகள் பெரும்பாலும் 48 வோல்ற் நேரோட்டத்தில் இயங்குபவை. ஜெனரேற்றர் தருவது ஆடலோட்டம். அதை மாற்றித்தான் கருவிக்குக் கொடுக்க வேண்டும். சோலார் பனல் தருவதே நேரோட்டம். ஒரு கிராமத்து டவர் 2 கிலோவாற்று இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 48 யூனிற். பத்துக் கிலோவாற்று ஜெனரேற்றரை இரண்டு கிலோவாற்றுக்காக ஓடவிடுவது, ஒரு மூட்டை நெல்லுக்கு லொறி பிடிப்பது போன்றது. ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ பத்து யூனிற் சக்தி இருந்தும் டவருக்கு வந்துசேர்வது இரண்டு யூனிற்றுக்குள்தான். முழுநாளும் ஓடினால் 24 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். ஒவ்வொரு லீற்றரும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டைக் கக்குகிறது.

எங்கள் வெயிலில் 1 கிலோவாற்றுப் பனல், வருடச் சராசரியில் நாளுக்கு 4 யூனிற் அளவில் தரும். டவரின் தேவைக்கும் மேலாகத் தரக்கூடிய 15 கிலோவாற்றுப் பனல் அரைப் பரப்புக் காணிக்குள் அடங்கிவிடும்.

மாரியில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயம். மூடிய வானத்தில் விளைச்சல் கால்வாசிக்கு இறங்கட்டும்; அப்போதும் நாளுக்கு 15 யூனிற், மூன்று நாளுக்கு 45. டவருக்குத் தேவை 144. மிச்சம் ஏறத்தாழ 100 யூனிற்றை முன்கூட்டியே லிதியம் பற்றரியில் சேமித்து வைத்திருக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு இந்தப் பற்றரிதான், மறைக்கவில்லை. நள்ளிரவில் பேச்சு குறையும்போது சில அலைவரிசைகளை உறங்கவிட்டால் தேவை இன்னும் இறங்கும். ஜெனரேற்றரைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அது கடைசித் துணையாக நிற்கட்டும்.

பனலை மட்டும் பூட்டிவிட்டுப் படம் பிடித்துப் போடுவதில் பயனில்லை. பற்றரி இல்லாமல் பொது மின்கம்பியோடு மட்டும் இணைந்த பனல், கம்பியில் மின் நின்ற கணமே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு அது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் மின் போனது. நல்ல வெயில் நேரம், ஆனாலும் அப்படிப் பூட்டிய கூரைப் பனல்கள் சும்மா கிடந்தன.

இந்தியா 2012 ஜனவரியிலேயே கட்டளை இட்டது: 2015க்குள் கிராமத்து டவர்களில் பாதி, 2020க்குள் முக்கால்வாசி, புதுப்பிக்கத்தக்க சக்தியும் சேர்ந்த கலப்பு முறைக்கு வர வேண்டும் என்று. கட்டளை வந்த வேகத்தில் வேலை நடக்கவில்லை. இங்கேயோ நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மக்களுக்காக 530 கிலோவாற்று காற்றாலை, 1,700 கிலோவாற்று சோலார், 2,400 யூனிற் பற்றரி கொண்ட திட்டத்துக்கு, இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. தீவுகளுக்கே திட்டம் போட முடிகிறபோது, ஒரு டவருக்கு ஏன் முடியாது?

எரிபொருள் இல்லாமல் வாழ்வது வன்னிக்குப் புதிதல்ல. போர் நடந்த தொண்ணூறுகளில் பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்டோம். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் காது கொடுப்பார்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். உடனே அடுத்தவர் கை வைப்பார்.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகியவற்றின் கீழ்ப்புற டவர்களிலிருந்து தொடங்கட்டும். அடுத்தது முல்லைத்தீவுக் கரையோரம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, மின் போன பின்னும் டவர் இயங்க வேண்டிய நேரத்தை அனுமதிப்பத்திரத்தில் எண்ணாகவே எழுதட்டும்: 72 மணித்தியாலம். அதற்குள் றோட்டில் தண்ணி வடிந்துவிடும், அந்தத் தம்பியும் கானோடு வந்துசேருவான்.