ஓலைப் படிமமும் பாட நிர்ணயமும்

நஞ்சீயர் அருளிய ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்கப் பெற்றுச் சென்ற நம்பூர் வரதராசர், காவிரி வெள்ளத்தில் அவ்வேட்டை இழந்து, கேட்ட பொருளை நினைவிற் கொண்டு மீண்டும் எழுதினார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. அவரே நம்பிள்ளை என்று திருநாமம் பெற்றவர். எல்லா ஏட்டுக்கும் அத்தகையவர் வாய்ப்பதில்லை. ஆகவே இந்நாளில் ஏடுகளை நுண்ணிய டிஜிட்டல் படிமங்களாக்கி, ஒன்றுக்கு மேற்பட்ட படிகளைப் பேணும் மேகச் சேமிப்பில் வைக்கின்றனர். இதனால் படிமம் காக்கப்படும். பாடம் காக்கப்படுமா என்பது அதனை வழங்கும் முறையைப் பொறுத்தது.

ஓலையில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்கள் வடிவால் வேறுபடா. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். பூச்சி அரித்த துளையோ புள்ளியென மயக்கும். மங்கிய படிமத்தைக் கொண்டு இவற்றைத் துணிபவர் தம் கருத்தையே ஏட்டின்மேல் ஏற்றியவராவர்.

12,000 பிக்ஸல் அகலமும் 8,000 பிக்ஸல் உயரமும் உள்ள படிமத்தில் 9.6 கோடி பிக்ஸல்கள் உள்ளன. சுருக்காவிடில் அதன் அளவு ஏறத்தாழ 28.8 கோடி பைட். 1,920க்கு 1,080 என்னும் அளவுள்ள கணினித் திரை காட்டுவதோ சுமார் 20 லட்சம் பிக்ஸல்களே. எனவே முழுவதையும் அனுப்புதல் வீண். படிமத்தைப் பாதி பாதியாகக் குறைத்துப் பல அடுக்குகளாக்கி, ஒவ்வோரடுக்கையும் சிறு சதுரங்களாக வெட்டுவர். வாசகர் பார்க்கும் இடத்துச் சதுரங்கள் மட்டும் அவரைச் சேரும். குறைந்த அடுக்குகள் அனைத்தும் கூடினும் மூலத்தின் பிக்ஸல்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படா.

இதற்கு நூலகங்கள் பல கைக்கொள்ளும் பொதுநெறி, 2011இல் தொடங்கிய ஐ.ஐ.ஐ.எஃப். என்பது. இந்நெறியில் பகுதி, அளவு, சுழற்சி, தரம், கோப்புவகை ஆகிய ஐந்தும் படிமத்தின் இணைய முகவரியிலேயே அமையும். சதுரங்களை முன்னரே வெட்டிச் சேமிப்பில் வைத்தால் செலவு குறையும். ஆயின் வெட்டிவைத்தவை மட்டுமே கிடைக்கும். ஐயத்திற்குரிய ஓரெழுத்தைத் தனி முகவரியாற் சுட்ட வேண்டின், கேட்டபொழுதே வெட்டித்தரும் சேவையகம் வேண்டும். பாடபேதம் ஆராய்வார்க்கு இரண்டாவதே ஏற்றது. தாம் கண்ட எழுத்தைப் பிறரும் கண்டு மறுக்கவோ உடன்படவோ அதுவே இடந்தரும்.

எம்முறையாயினும் இரண்டு நியமங்கள் தவறலாகா. வழங்கும் சதுரங்கள் சுருக்கத்தால் நுட்பம் இழக்கக்கூடுமாதலால், இழப்பில்லாத மூலப் படிமத்தை வேறாகக் காத்தல் ஒன்று. ஒருகால் கொடுத்த முகவரியை மாற்றாதிருத்தல் மற்றொன்று. முகவரி மாறினால், அதனைச் சுட்டிய அடிக்குறிப்பு கரையான் தின்ற ஏட்டுக்கு ஒப்பாகும்.

மங்கிய படிமம் அனுமானத்தை வளர்க்கும். தெளிந்த படிமம் பிரத்யக்ஷமாம். ஆயினும் கண்ட எழுத்துகளுள் எது ஆசார்யர் திருவுள்ளம் என்று துணிவது, காலக்ஷேபத்தில் வந்த சொல்வழக்கை அறிந்தவர்க்கே கூடும்.