செவியறிந்த அளவுகோல்

1979ஆம் ஆண்டிலே சோனி நிறுவனத்தார் ‘வாக்மன்’ கருவியை வெளியிட்டனர். அன்று முதல் இசை மக்களின் சட்டைப்பையிற் குடிபுகுந்தது. அத்தகைய கருவிக்கு ஒலியளவுகோல் வகுத்தல் எளிதன்று. ஒலியாற்றலைச் சமபடிகளாகக் கூட்டிச் சென்றால், முதற் படிகளில் ஒலி திடீரென எழும். கடைசிப் படிகளில் வேறுபாடே தோன்றாது. ஏனெனில், செவி கூட்டலை உணராது, மடங்கையே உணரும். ஜேர்மன் அறிஞர் பெக்னர் 1860இல் எடுத்துரைத்த விதி இது. ஆதலின், படிதோறும் ஆற்றல் ஒரே மடங்காற் பெருகுமாறு தெசிபெல் என்னும் அளவையாற் கோலை வகுப்பர்.

ஆயினும், இவ்வினிய அமைப்பிலே ஓர் ஏதமும் உண்டு. பத்துத் தெசிபெல் ஏறினால், ஒலி ஏறத்தாழ இருமடங்கானது போலவே தோன்றும். உட்செவி தாங்குவதோ பத்து மடங்கு ஆற்றல். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் இதற்கிசைந்ததே: 80 தெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம்; 90 ஆயின் 4 மணிநேரமே.

ஆகவே, கோலிலே படிகள் மட்டும் போதா, எல்லைக்கோடும் வேண்டும். மாணாக்கர்காள், உட்செவியின் நுண்மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளையா என்பதை மறவாதீர்கள்.