வீட்டுக் கணினிக்கு எவை வேண்டும்?

சென்ற மார்கழி விடுமுறையில் டிக்கோயாத் தோட்டமொன்றிலுள்ள எமது மாணவன் ஒருவனின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பிய பழைய கணினியொன்று லயத்தின் முன்னறையில் இருந்தது. அதிலிருந்த 'வின்டோஸ் 10' இற்குரிய வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றுவிட்டது. புதியதை இப்பெட்டி தாங்காது, வேறு வாங்குங்கள் என்று கடைக்காரர் ஒருவர் கூறிவிட்டாராம். தோட்டச் சம்பளத்தில் வேறு வாங்குவது எங்ஙனம்?

நாம் கையோடு கொண்டு சென்றது 'லினக்ஸ் மின்ட்'. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவே இதன் அடிப்படை. அதன் மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்கும் வழங்கலாம். ஏறக்குறைய 3 கிகாபைற் அளவுள்ள கோப்பை அட்டனில் ஒரு முறை இறக்கிக்கொண்டால் பத்து வீடுகளுக்குக் கொடுக்கலாம், அது திருட்டன்று. கைத்தொலைபேசிக்கு 'டேட்டா' போட்டுக் காலங்கழிக்கும் மலையகத்தாருக்கு இது சிறிய நன்மையா? 2 கிகாபைற் நினைவகமே போதுமான 'எக்ஸ்எப்சிஈ' பதிப்பை, பழையதை அழிக்காமலே, விரற்கோலிலிருந்து இயக்கிக் காட்டினோம்.

மென்பொருட் களஞ்சியத்தைக் கண்டதும் மாணவன் எல்லாவற்றையும் நிறுவ ஆசைப்பட்டான். திருவிழாக் கடைக்கு வந்த பிள்ளையைப்போல! நாம் தடுத்தோம். இணையத்திற்குப் 'பயர்பொக்ஸ்', கடிதத்திற்கும் கணக்கிற்கும் 'லிப்ரே ஒபிஸ்'. இவையிரண்டும் மின்டுடனேயே வருகின்றன. பாரிஸ் நகரத்துப் பொறியியற் கல்லூரி மாணவர்கள் 1996 இல் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்த 'விஎல்சி'யைப் படமும் பாட்டும் கேட்பதற்கெனச் சேர்த்தோம். 'நூலகம்' இணையத்தளத்தில் கிடைக்கும் ஈழத்து நூல்களைப் படிப்பதற்கான கருவி ஏற்கனவே இருந்தது. படந்திருத்தும் 'கிம்ப்' இப்போதைக்கு வேண்டாமென்றோம். 'ஸ்டெல்லேரியம்' மாத்திரம் எமது சொந்த ஆசை. மூடுபனி மறைக்கும் வானத்தைப் பெட்டிக்குள்ளாவது பார்க்கட்டுமே!

இவ்வளவில் வேலை முடிந்ததென்று எழுந்தபோதுதான் தந்தையார், "சேர், மாரியம்மன் கோயில் கணக்கு இதுலதான் இருக்குங்க" என்றார்.

திறந்து பார்த்தோம். தொகைகள் இருந்தன, கொடுத்தவர்களின் பெயர்களைக் காணோம்! பெயர்கள் இருக்கவேண்டிய இடமெங்கும் ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாகக் கிடந்தன. கிழவருக்கு முகம் வெளிறிவிட்டது. ஊர்ப்பணம் அல்லவா?

குற்றம் லினக்ஸினதன்று. அக்கணக்குப் 'பாமினி' எழுத்துருவில் அடிக்கப்பட்டது. பாமினியில் 'தமிழ்' என்ற சொல்லை அடித்தால், கணினிக்குள்ளே பதிவது ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது எழுத்துரு. அது இல்லாத கணினியிற் போர்வை நீங்கிவிடுகிறது. எண்களுக்குப் போர்வையில்லை, ஆதலால் அவை தப்பின. 'யுனிகோட்' முறையிலோ தமிழெழுத்துக்களுக்கே தனிக் குறியெண்கள் உண்டு.

பழைய பகுதியிலிருந்து பாமினியை எடுத்து நிறுவியதும் பெயர்கள் திரும்பிவந்தன. எனினும் அத்துடன் விடலாகாது. மாற்றி ஒன்றின் துணையால் பெயர் நிரலை மட்டும் யுனிகோடாக்கினோம். முழுக் கோப்பையும் இட்டிருந்தால் இடையிலுள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களும் சிதைந்திருக்கும். பின்னர் 'ஐபஸ்', 'எம்17என்' ஆகியவற்றை நிறுவி, தந்தையாருக்குப் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பையே தெரிவு செய்தோம். தமிழ்நாட்டார் விரும்பும் 'தமிழ்99' கற்பதற்கு எளிதென்பது எமது கருத்து. ஆனால் அறுபது வயதில் விரல்களை மாற்றச் சொல்வது முறையாகாது. நியாயமாகப் பார்த்தால் வேறெதற்கும் முன்பாக இவற்றையே நாம் நிறுவியிருக்கவேண்டும்.

அன்றிரவு தந்தையார் பழைய பற்றுச்சீட்டுக் கட்டை எடுத்துவந்து ஒவ்வொரு பெயராக ஒப்புநோக்கினார். இரண்டு பெயர்கள் பிழைபட்டிருந்தன. அவற்றை அவரே தட்டச்சிட்டுத் திருத்தினார். பழைய பகுதியைச் சித்திரைத் திருவிழாக் கணக்கு முடியும்வரை அழிக்கவேண்டாமென்று மகனிடம் சொல்லி விடைபெற்றோம்.