கரக்பூரில் புரட்டாசி

‘இலையுதிர் காலம்’ என்று எழுதுகிறோமே, நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களில் அப்படி ஒன்று கிடையாது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வங்காளிகள் அதே ஆவணி, புரட்டாசியைச் சரத் காலம் என்பார்கள். அங்கே மேகம் கூடும் சமயத்தில் இங்கே கலையும். ‘மழை பிடித்துக்கொண்டது’ என்று திருச்சியிலிருந்து அண்ணன் கடிதம் போடுகையில், நாங்கள் கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் முற்றத்தில் மெத்தை, தலையணைகளை வெயிலில் காயப்போட்டிருப்போம்.

1983-ல் டிப்ளமாவோடு பி.டபிள்யூ.ஐ. ஆகச் சேர்ந்தவன் நான். தண்டவாளத்துக்காரனுக்கு இந்தப் பருவத்தில் ஓய்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மழைக்கால ரோந்து முடிந்த கையோடு, அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் ஃபிஷ்பிளேட்டுகளைக் கழற்றித் துடைத்து, மசகு பூசி மாட்ட வேண்டும். அதற்குள் குளிர் வந்து இரும்பு சுருங்கும். விரிசல் பயத்தில் இரவு ரோந்து ஆரம்பமாகிவிடும். டிராலியில் போகும்போது ஓடைக்கரைகளில் நாணல் வெள்ளை வெளேரென்று பூத்திருப்பதைப் பார்ப்பதுதான் என் பூஜா விடுமுறை. அஷ்டமியன்று என்னை வீட்டில் பார்த்தவர்கள் குறைவு!

வீட்டுக்குச் சரத் காலத்தைக் கொண்டுவந்தது போனஸ். கடைசி வருஷங்களில் 78 நாள் சம்பளம் என்று பெயர். உச்சவரம்புக் கணக்குப்படி கைக்கு வந்தது 17,951 ரூபாய். கைக்கு வருமுன்பே அது துணிக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

மகாளய அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணிக்கு எல்லா வீட்டு ரேடியோவும் ஒன்றாகப் பாடும். கல்கத்தா வானொலியில் பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் சண்டி பாராயணம். அவர் 1991-ல் காலமானார். இன்றும் அந்தக் குரலைத்தான் ஒலிபரப்புகிறார்கள். என் தாயாருக்கு வங்காளி ஒரு வார்த்தை வராது. சுலோகம் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். மறுநாள் எங்கள் வீட்டில் கொலு.

எங்களுக்கும் பக்கத்து கார்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பவளமல்லி மரம் இருந்தது. அவர்கள் ‘ஷியூலி’ என்பார்கள். மற்றப் பூ கீழே விழுந்தால் பூஜைக்கு ஆகாது. இதை மட்டும் தரையிலிருந்து பொறுக்கியே சாமிக்கு வைக்கலாம். கார்டின் தாயாரும் என் தாயாரும் விடிவதற்குள் குனிந்து பொறுக்குவார்கள். அந்த அம்மாள் என் தாயாரை ‘திதி’ என்பார். என் தாயார் பதிலுக்கு அவரைத் ‘திதியம்மா’ ஆக்கிவிட்டார். ஒருவர் தமிழில் கேட்பார், மற்றவர் வங்காளியில் பதில் சொல்வார். எப்படியோ சுண்டலுக்குத் தேங்காய் நாடு கைமாறும்.

ஒரு வருஷம் திதியம்மா அந்தப் பூவின் செங்காம்புகளைக் கிள்ளிக் காயவைத்து, கொதிக்கவிட்டு, வெள்ளை மல் துணியில் சாயம் ஏற்றிக் கொடுத்தார். நல்ல காவி கலந்த மஞ்சள். என் தாயார் அதில் மரப்பாச்சிக்குப் பாவாடை தைத்தார். படியில் பட்டுக் கட்டிய பொம்மைகள் எத்தனையோ இருந்தும், வந்த வங்காளிப் பெண்கள் அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

2004 ஆவணியில் என் தாயார் போய்விட்டார். அந்த வருஷம் கொலு இல்லை. மகாளயத்தன்று ரேடியோச் சத்தத்தில் எழுந்து கதவைத் திறந்தேன். திதியம்மா தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பழக்கத்தில் இரண்டு குவியலாகப் பிரித்திருந்தார். ஒன்றை முந்தானையில் எடுத்துக்கொண்டார். மற்றதை எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டு, என்னிடம் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

2006-ல் அவர் மகனுக்குச் சக்ரதர்பூருக்கு மாற்றலாயிற்று. பிறகு அந்த குவார்ட்டர்ஸைக் கண்டம் செய்து இடித்தபோது மரமும் போயிற்று. வேலைக்காரர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வரைபடத்தில் மரத்துக்குக் குறி கிடையாது.

ஓய்வுக்குப் பின்னும் கரக்பூரிலேயே இருக்கிறோம். இப்போது கொலு மூன்று படிதான். சென்ற ஆண்டு பெங்களூரிலிருந்து மகள், “மரப்பாச்சியை எனக்குக் கொடுத்திடுங்கப்பா” என்றாள். என் மனைவி புதுப் பாவாடை தைத்துப் போட்டு அனுப்பிவைத்தாள். பழையது எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.