அறுப்பு மேசையின் அடியில் ஓர் அலமாரி

காலால் மிதித்துத் தைக்கும் தையல் மெஷினை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் மேசைக்கு அடியில், மிதிபலகைக்கு இடைஞ்சல் இல்லாமல், பக்கவாட்டில் சிறிய இழுப்பறைகள் இருக்கும். நூல்கண்டு, பாபின், ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். தைப்பவர் எழுந்துபோய் எதையும் தேட வேண்டியதில்லை. இந்தச் சிறு யோசனையைத்தான் இவ்வாண்டு நாங்கள் ஒரு தச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு படிக்கும் தோழி ஒருத்தியின் தந்தை தச்சர். மத்தூரில் பலர் தொழிற்சாலை வேலைக்காக ஓசூருக்கும் பர்கூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். அவரோ வீட்டின் முன்னறையிலேயே கதவு, ஜன்னல், கட்டில் செய்கிறார். கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்ப மெஷினை ஒரு மேசைப் பலகையின் அடியில் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார். பிளேடு மட்டும் மேலே தெரியும். உளி, இழைப்புளி, மூலைமட்டம், ஆணி டப்பா, மாற்றுப் பிளேடு ஆகிய அனைத்தும் தரையில் கிடந்தன. இரவில் அதே அறையில்தான் பாய் விரிக்க வேண்டும்.

ஒருநாள் இருட்டில் தோழியின் தம்பி பழைய பிளேடு ஒன்றை மிதித்துவிட்டான். பாதத்தில் ஐந்து தையல். "மெஷினை விற்றுவிடுங்கள்" என்று அவள் அம்மா அழுதார். விற்றால் குடும்பம் எப்படி நடக்கும்? வெளியே கொட்டகை வாடகைக்கு எடுக்கவும் வசதியில்லை. அப்போதுதான் நாங்கள் நால்வர் அளவு நாடாவோடு போய் அந்த மேசையை அளந்தோம். நீளம் 120 செ.மீ., அகலம் 75 செ.மீ., உயரம் 85 செ.மீ. அடியில் தூசியும் சிலந்தி வலையும் தவிர வேறொன்றுமில்லை!

மோட்டாருக்கு உரியது மோட்டாருக்கு

அடியிடம் முழுவதையும் பெட்டியாக அடைத்து நாங்கள் முதலில் படம் வரைந்தோம். அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். "மெஷினுக்கு மூச்சு வேண்டாமா, அம்மா?" என்றார். மோட்டார் ஓடும்போது சூடாகும். காற்றோட்டம் இல்லாவிட்டால் எரிந்துபோகும். ஆகவே மேலிருந்து 30 செ.மீ. இடத்தை மெஷினுக்கே விட்டோம். பக்கங்களில் காற்றுப்போக வழி வைத்தோம். மரத்தூள் விழுவதற்கு அதன் கீழே வெளியே இழுக்கக்கூடிய தட்டு ஒன்று வைத்தோம். அதை அன்றாடம் கொட்டிவிட வேண்டும். மரத்தூள் எளிதில் தீப்பற்றும். அதோடு, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியிருக்கிறது. தட்டைக் கொட்டும்போதும் முகக்கவசம் அவசியம்.

கணக்குப் பாடம் கைகொடுத்தது

தரையிலிருந்து 10 செ.மீ. சக்கரத்துக்குப் போக, மீதி 45 செ.மீ. அதில் 18 மி.மீ. கனமுள்ள பிளைவுட் இரண்டு அடுக்குக்கு 3.6 செ.மீ. போயிற்று. மிஞ்சிய 41.4 செ.மீ.-இல் மேலே 15 செ.மீ. உயர இழுப்பறைகள் இரண்டு, கீழே 25 செ.மீ. உயர இழுப்பறைகள் இரண்டு. எஞ்சிய 1.4 செ.மீ. உரசாமல் இருப்பதற்கான இடைவெளி.

அகலத்தில்தான் நாங்கள் தவறினோம். இரு பக்கப் பலகையும் நடுப்பலகையும் சேர்ந்து 5.4 செ.மீ. அதை 120-இல் கழித்து இரண்டால் வகுத்தால் 57.3 செ.மீ. அதே அளவில் அட்டைப்பெட்டி செய்து பார்த்தோம், நுழையவில்லை. இழுப்பறை ஓடும் சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.3 செ.மீ. விட வேண்டுமாம்! ஆகவே இழுப்பறையின் வெளி அகலம் 54.7 செ.மீ. அட்டையில் பிழை செய்ததால் பிளைவுட் பிழைத்தது.

எதை எங்கே வைப்பது?

கனமானவை கீழே இருக்க வேண்டும். கிளாம்பும் சுத்தியலும் அடியில் இருந்தால் மேசை ஆடாது. மேல் இழுப்பறையில் பாரத்தை ஏற்றி வெளியே இழுத்தால் மேசையே முன்புறம் சாயக்கூடும். ஒரே நேரத்தில் இரண்டு இழுப்பறைகளைத் திறப்பதும் கூடாது.

பிளேடுகளைக் குவித்துப் போடக் கூடாது. மரக்கட்டையில் பிளவுகள் வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தினோம். அந்த இழுப்பறைக்குப் பூட்டும் போட்டோம். மரத்தைத் தள்ளிவிடும் தள்ளுகுச்சியும் கண்ணாடியும் மட்டும் இழுப்பறைக்குள் போகாமல் மேசையின் பக்கத்தில் கொக்கியில் தொங்குகின்றன. குனிந்து தேட வேண்டியிருந்தால் மனிதர் விரலாலேயே தள்ளத் துணிவார். பிளேடுக்கு மேலே கை நீட்டி எடுக்கும்படி எதையும் வைக்கவில்லை.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி இழுப்பறையில் வைத்தால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதை வெளியே விரித்து உலர்த்த வேண்டும். தின்னருக்கும் இங்கே இடமில்லை.

சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே, மறுபக்கம் மரக்கால். பெரியவர் ஒருவர் அந்தப் பக்கத்தைத் தூக்கித் தள்ளினால் மேசை நகரும். கீழே விட்டால் அசையாது நிற்கும்.

அளந்து செய்த அடுக்களை

அளவெடுத்து இடத்தை மிச்சம் பிடிப்பதில் ஒரு பெண்மணி நமக்கு வழிகாட்டி. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஓர் அடுக்களையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர் மட்டுமே. மாவு, சர்க்கரை முதலியவற்றுக்குத் தனித்தனி இழுப்பறைகள்; காய் நறுக்கிய கழிவைத் தள்ளிவிட மேசையிலேயே ஓர் இழுப்பறை. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. வேலை செய்பவரின் கை எங்கே போகிறது என்று முதலில் கவனித்து, பிறகே அவர் அலமாரியை வரைந்தார். சமையலறைக்குச் சரியானது பட்டறைக்கும் சரிதானே?

இப்போது அந்த வீட்டில்

குறையே இல்லை என்று சொல்லமாட்டோம். மெல்லிய தூள் சேனலுக்குள் புகுகிறது. வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். திறந்த இழுப்பறை முழங்காலில் இடிக்கும். எனவே எல்லாவற்றையும் மூடிய பிறகே சுவிட்ச் போட வேண்டும். பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

மாலை வேலை முடிந்ததும் மேசை சுவரோரம் போய்விடுகிறது. தரையைப் பெருக்கி ஐந்து பாய் விரிக்கிறார்கள். புனித சூசையப்பர் செய்த அதே தொழில் அந்த வீட்டில் தொடர்ந்து நடக்கிறது. மெஷினை விற்கும் பேச்சை அம்மா இப்போது எடுப்பதில்லை. தம்பியோ இருட்டிலும் வெறுங்காலோடு ஓடுகிறான். தோழி அந்த மேசையின் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

உங்கள் வீட்டிலும் ஏதேனும் மேசையின் அடி காலியாக இருக்கும். ஒருமுறை குனிந்து அளந்து பாருங்கள்.