அடைத்தும் அடைபடாத ஓட்டை

ஆண்ட்ராய்டு போனில் கேமரா வேண்டுமா, இருப்பிடம் வேண்டுமா, ஒரு செயலி அதைத் தானே எடுத்துக்கொள்ள முடியாது; இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வழியாகத்தான் கேட்க வேண்டும். அந்தத் தூது வேலையைச் செய்யும் பகுதிக்குப் பெயர் பைண்டர். அதைத் தொடாத செயலியே கிடையாது. அதனால்தான் அதில் விழும் ஓட்டை பெரிய ஆபத்து.

2017 நவம்பரில், கெர்னலை ஓயாமல் தட்டிப் பார்க்கும் சிஸ்பாட் என்ற தானியங்கிக் கருவி அங்கே ஒரு பிழையைக் கண்டது. தன் வேலை முடிந்ததும் பைண்டர் ஒரு நினைவகத் துண்டைக் காலி செய்துவிடுகிறது. ஆனால் ஈபோல் என்ற இன்னொரு பகுதி அந்தப் பழைய விலாசத்தைக் கையிலேயே வைத்திருக்கிறது. குடிமாறிப் போனவரின் வீட்டுக்கே தபால் போய்க்கொண்டிருப்பது போல. காலியான இடத்தில் தன் தரவைக் குடிவைத்துவிட்டால், தாக்குபவன் படிப்படியாகக் கெர்னலையே வசப்படுத்தலாம். அப்புறம் போன் முழுக்க அவனுடையது.

2018 பிப்ரவரியிலேயே லினக்ஸ் கெர்னலில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் பாதுகாப்புப் பிழைக்குரிய அடையாள எண் அதற்குத் தரப்படவில்லை. ஆண்ட்ராய்டின் மாதாந்தரப் பாதுகாப்பு அறிக்கையிலும் அது இடம்பெறவில்லை. விளைவு, கடைக்கு வந்துவிட்ட பல போன்களுக்குத் திருத்தம் போய்ச் சேரவே இல்லை. கூகுளின் சொந்த பிக்சல் 2 கூடத் தப்பவில்லை!

2019 செப்டம்பரில் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த மேடி ஸ்டோனுக்குச் சில துப்புகள் கிடைத்தன. யாரோ ஒரு கெர்னல் ஓட்டை வழியாகப் போன்களுக்குள் நுழைகிறார்கள். பிக்சல் 1, 2 இரண்டிலும் அது பலிக்கிறது, 3-இல் பலிக்கவில்லை. துப்புகளைப் பொருத்திப் பார்த்தபோது அகப்பட்டது அதே பழைய பைண்டர் பிழை. பிழையைத் திருத்த வழக்கமாக 90 நாள் அவகாசம் தரும் அந்தக் குழு, இதற்கு 7 நாள்தான் தந்தது. அக்டோபரில் திருத்தம் வந்தது. 2020 ஜனவரியில், இதே ஓட்டையைப் பயன்படுத்திய கேமரோ என்ற செயலி பிளே ஸ்டோரிலேயே இருந்ததை ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளிப்படுத்தியது.

பிழை வருவதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். கோடிக்கணக்கான வரிகளில் அது வரத்தான் செய்யும். திருத்தம் கையிலிருந்தும் ஒன்றரை வருடத்துக்கு மேல் மக்களின் போன்களைத் திறந்து போட்டதுதான் மன்னிக்க முடியாதது.

இன்றே செட்டிங்ஸில் உங்கள் போனின் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். அடுத்த போன் வாங்கும்போது மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன்னால், எத்தனை வருடம் அப்டேட் தருவீர்கள் என்று கேளுங்கள்.